ஒடுக்கத்திற்குப் பிறகு



சென்ற ஆண்டு சூன் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. முடிச்சூரில் எங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். சிறு வயதில் என்னிடம் பயின்றவர். வந்தவர் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு தலையைக் குனிந்தபடியே சொன்னார்: “ஐயா, மே மாதம் மலையில் நடந்த மூன்று நாள் தியானக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். அங்கே என் பிழைகளை எண்ணி அழுதேன். விடியுமுன் எழுந்து ஜெபித்தேன். இரண்டு ஆண்டுகளாக அப்பாவோடு பேசாதிருந்தவன், ஊர் திரும்பிய அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நாற்பது நாள் ஆவதற்குள் எல்லாம் வடிந்துவிட்டது. முழங்காலிட்டால் தூக்கம் வருகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்துத்தான் தெரிகிறது. நேற்று அப்பாவிடம் மறுபடியும் கடிந்து பேசிவிட்டேன். அந்த மூன்று நாள் பொய்யா? அல்லது இப்போதிருக்கும் நான் பொய்யா? இனிமேல் கோயிலுக்குப் போவதில்லை என்றிருக்கிறேன். நடிக்க எனக்கு விருப்பமில்லை.”

அவருடைய கேள்வியை நான் எளிதாகக் கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடு பழகியவன் நான். படிப்பில் தோற்றுப் பள்ளியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தம் நல்ல நாளை நம்ப முடியாமல் உள்ளத்தின் கதவை அடைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பின்னவர்களின் இழப்பு வெளியே தெரிவதில்லை. ஆகையால் அதனை ஈடுசெய்ய முயல்வாரும் இலர். ஆதலின் அம்மாணவருக்கு அன்று சொன்னவற்றை, சிறிது விரித்து இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கிறிஸ்தவ ஜெபத்தைப் பற்றியே பேசுகிறேன். எனினும், ஒரு நல்ல நாளில் எடுத்த உறுதி மறுமாதம் எங்கே போயிற்று என்று தேடிய அனுபவம் எச்சமயத்தார்க்கும் உண்டு.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். சீர்திருத்தச் சபையார் தியானக் கூட்டம் என்று சொல்வதைக் கத்தோலிக்க மக்கள் ‘ஞான ஒடுக்கம்’ என்று வழங்குவர். ஒடுக்கம் என்பது அழகிய சொல். ஆமை தன் உறுப்புகளை ஓட்டினுள் இழுத்துக்கொள்வதுபோல, மனிதன் தன் ஓட்டத்தையும் பேச்சையும் சில நாள் உள்ளே இழுத்துக்கொள்வதே ஒடுக்கம். ஆனால் உள்ளே இழுத்த கால்களை ஆமை மறுபடியும் வெளியே நீட்டுகிறது. நீட்டினால்தான் நடக்க முடியும். ஒடுங்குவது எதற்காக என்ற வினாவின் விடை, நடையில்தான் இருக்கிறது.

இம்முறைக்கு ஒழுங்கான வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் இஞ்ஞாசியார் என்னும் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ஆம் ஆண்டு பாம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பியது. மறு ஆண்டில் மன்ரேசா என்னும் சிற்றூரில் தங்கி ஜெபித்த மாதங்களில், தாம் கண்டவற்றைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளே வளர்ந்து ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலாயின. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலும் பெற்றன. ஏறத்தாழ முப்பது நாள் நடைபெறும் அப்பயிற்சியை நடத்துவோர்க்கு அவர் நூலின் தொடக்கத்திலேயே சில எச்சரிக்கைகள் எழுதியிருக்கிறார். அவற்றுள் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. பயிற்சி பெறுபவர் மிகுந்த ஆறுதலும் ஆர்வமும் கொண்டிருப்பதைக் கண்டால், ஆராயாமல் அவசரமாக எவ்வித வாக்குறுதியும் நேர்த்தியும் செய்துவிடாதபடி அவரைத் தடுக்கவேண்டும் என்கிறார். ஆர்வத்தைத் தூண்டவேண்டிய ஆசிரியரே ஆர்வத்தைக் கண்டு எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறார். மனித உள்ளத்தை அவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பது இதனால் விளங்கும்.

இந்த எச்சரிக்கையை என் இருபத்தோராம் வயதில் யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால், என் வாழ்வில் இரண்டு ஆண்டுகள் வீணாகாமல் இருந்திருக்கும்.

அப்போது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். ஆண்டு 1980. நண்பர்களோடு மலையில் ஒரு தியானக் கூட்டத்திற்குச் சென்றேன். கடைசி இரவில், நெஞ்சு நிறைந்திருந்த வேளையில், ஒரு தாளில் என் தீர்மானங்களை எழுதினேன். நாள்தோறும் நான்கு மணிக்கு எழுவேன். ஒரு மணி நேரம் ஜெபிப்பேன். வெள்ளிதோறும் உபவாசம் இருப்பேன். ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் மும்முறை படிப்பேன். கையெழுத்தும் இட்டேன். பதினொரு நாள் அப்படியே நடந்தேன். பன்னிரண்டாம் நாள் விழித்தபோது மணி ஆறரை. விடுதியில் எல்லாரும் குளித்து முடித்திருந்தார்கள்.

அவ்வளவுதான். ஒரு நாள் உறக்கம். ஆனால் எங்கள் உளவியல் பாடத்தில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் பழக்க இயலை அப்போதுதான் படித்திருந்தேன். 1890-இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர், புதிய பழக்கம் வேரூன்றும் வரையில் ஒரு விலக்குக்கும் இடங்கொடுக்கலாகாது என்று வற்புறுத்துகிறார். நூற்கண்டைச் சுற்றிக்கொண்டு வருபவன் கை தவறவிட்டால், பல சுற்று ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும் என்பது அவர் காட்டும் உவமை. என் கண்டு அவிழ்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். வெட்கம் பிடித்துக்கொண்டது. ஆண்டவருக்குக் கொடுத்த சொல்லைக் காக்காதவன் எந்த முகத்தோடு அவர்முன் நிற்பது? தனி ஜெபத்தை விட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு பள்ளியில் காலை வழிபாட்டை மட்டும் நடத்தினேன். குரல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே ஒன்றுமில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. என் மாணவர் “நடிக்க விருப்பமில்லை” என்றாரே, அவரைவிட நான் தாழ்ந்தவன், நான் நடித்தேன்.

என்னை மீட்டவர் பெரிய அறிஞர் அல்லர். நான் முதன்முதல் வேலை பார்த்த செங்கற்பட்டுப் பகுதிச் சிற்றூரில் உபதேசியாராக இருந்த ஒரு முதியவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். சிறிது நிலம் பயிரிட்டு வந்தார். காலையிலும் மாலையிலும் கோயில் மணியை அடிப்பதும், வருகின்ற நாலைந்து பேரோடு ஜெபம் செய்வதும் அவர் பணி. ஒருநாள் ஏரிக்கரையில் அவரோடு நடக்கையில் என் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, ஒருவேளை சாப்பிட மறந்துவிட்டால், மறுவேளை இலை போடும்போது வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவீர்களா?” என்று கேட்டார். பிறகு, “நாளைக்கு மணி அடிக்கும்போது எங்கே இருக்கிறீர்களோ அங்கே நின்று பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை சொல்லுங்கள். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்றார்.

ஒரு நிமிடத்திற்கும் குறைந்த ஜெபம்! எனக்கு அது அவமானமாகக்கூடத் தோன்றியது. ஆயினும் செய்தேன். அந்த ஒரு நிமிடம் இந்நாள்வரை நின்றுவிடவில்லை. இடையிடையே அறுந்தது உண்டு, நின்றது இல்லை.

அவர் அன்று ஏரியைக் காட்டிச் சொன்ன ஒன்றையும் இங்கே கூறவேண்டும். எங்கள் செங்கற்பட்டுச் சீமையை ஏரிகள் மாவட்டம் என்று சொல்வது வழக்கம். இங்கே வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. ஆண்டின் எஞ்சிய நாட்களில் பெரும்பகுதி வானம் வெறிச்சென்றிருக்கிறது. அதனால் மழை பொய்யாகிவிடுமா? நம் முன்னோர் மழையைக் குறை சொல்லவில்லை, கரை எழுப்பினார்கள். வரத்துக் கால்வாய் வெட்டினார்கள். மிகுந்த நீர் போகக் கலங்கல் அமைத்தார்கள். வேண்டும்போது வேண்டும் அளவு திறந்துவிட மதகு வைத்தார்கள். தைப் பயிர் குடிப்பது ஐப்பசி மழையைத்தான். ஆனால் அதனைத் தை வரையில் காத்துக் கொடுத்தது கரை. “உங்களுக்கு மழை நன்றாகத்தான் பெய்தது, தம்பி, கரைதான் இல்லை” என்றார் உபதேசியார்.

என் மாணவரின் முதற்கேள்விக்கு இதுவே விடை. அந்த மூன்று நாள் பொய்யன்று. தந்தையிடம் மன்னிப்புக் கேட்க வைத்த ஒன்று பொய்யாயிருக்க முடியாது. இன்றைய வறட்சியும் பொய்யன்று, அது பருவம். திருமறையில் எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பெருவெற்றி கண்டவர். அடுத்து நாம் அவரைக் காண்பது, ஒரு சூரைச்செடியின் கீழே சாவை வேண்டிப் படுத்திருக்கும் நிலையில். அவரைத் தேடி வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் ஊக்கமாக ஜெபி என்றும் சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான்; அவர் உண்டு உறங்கினார்; மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தான். மாணவர்களே, நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு விடியலில் ஜெபத்தில் உறங்கினால், அதற்குப் பெயர் விசுவாசக் குறைவு அன்று; உறக்கக் குறைவு.

இனி, கரை எழுப்புவது எங்ஙனம் என்று பார்ப்போம். இதற்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே ஒரு சிறந்த வரலாறு இருக்கிறது.

இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களுள் ஒருவரான பிரான்சிசு சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் மொழியில் அவர்களுக்குக் கற்பிப்பார் எவரும் இல்லை. மழை பெய்திருந்தது, கரை இல்லை. சவேரியார் என்ன செய்தார்? இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழாக்கச் செய்தார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ச் சிறுவர்களைச் சேர்த்துக் கற்பித்தார். அச்சிறுவர்கள் வீட்டிற்குச் சென்று தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஓர் ஊரில் என்றும் தங்கியிருக்க அவரால் இயலாது. ஆதலால் புறப்படும்போது அந்த ஜெபங்களின் பிரதி ஒன்றை ஊரில் விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதனைப் படியெடுத்து, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்லவேண்டும். ஞாயிறுதோறும் அனைவரும் கூடிச் சொல்லவேண்டும். இதனைக் கண்காணிக்க ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை அமர்த்தினார். 1544-ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இவற்றை அவரே விவரிக்கிறார்.

இதில் அடங்கியுள்ள முறையைப் பாருங்கள். குறுகிய ஜெபம்; மாறாத சொற்கள்; குறித்த நேரம்; கூடிச் சொல்லும் தோழர்; விசாரிக்க ஒருவர். இந்த ஐந்தையும் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். நானூற்றெண்பது ஆண்டுகள் கடந்தபின்னும் அக்கடற்கரை ஊர்களில் ஜெபம் நிற்கவில்லை.

அந்த முதல் மொழிபெயர்ப்பு குற்றமற்றதாகவும் இருக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்ற பொருளுள்ள சொல் அமைந்துவிட்டது. அதனை மாற்றும்படி சவேரியார் 1544-இல் தம் உடன்பணியாளருக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் எத்தனையோ ஏழை மக்கள் ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்லியே ஜெபித்திருப்பார்கள். நம்மில் பலருடைய ஜெபமும் அப்படித்தானே தொடங்குகிறது? தேர்வில் தேறவேண்டும், வேலை வேண்டும் என்றுதான் முழங்காலிடுகிறோம். தொடர்ந்து சொல்லிவந்தால் ஒருநாள் சொல் திருந்தும். பிழையாயிற்றே என்று நிறுத்திவிட்டால் திருந்துவதற்கு ஒன்றும் இராது.

இதனோடு சேர்ந்த மற்றொரு செய்தி தமிழ் மாணவர் அனைவரும் அறியத்தக்கது. அதே கடற்கரையில் பின்னர்ப் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்பதே இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். பதினாறே பக்கம். மக்கள் மனப்பாடம் செய்து சொல்வதற்கான ஜெபங்களும் போதனைகளும் கொண்டது. அச்சுப்பொறி நம் மொழிக்கு முதன்முதலாகச் செய்த உதவிகளுள் ஒன்று, அன்றாட ஜெபத்திற்குக் கரை எழுப்பியதாகும்.

இவற்றிலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, சிறிதாகத் தொடங்குங்கள். உங்கள் மிக மோசமான நாளில், காய்ச்சலும் தேர்வும் ஒன்றாய் வந்த நாளில், எவ்வளவு செய்ய முடியுமோ அதுவே உங்கள் அளவு. நல்ல நாளில் மிகுதியாகச் செய்யலாம். அது கலங்கலில் வழியும் நீர்.

இரண்டாவது, நேரத்தையும் இடத்தையும் முன்னமே குறித்துவிடுங்கள். தானியேல் நாளுக்கு மும்முறை, எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணிகளின் அருகில் முழங்காலிட்டார். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று சொல்பவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்தொடர்வண்டியில் நாள்தோறும் ஏறுகிற மாணவர், வண்டி பல்லாவரம் தாண்டுவதற்குள் ஒரு சங்கீதத்தை மனத்தில் சொல்லலாம். நான் பரங்கிமலையைக் காணும்போதெல்லாம் ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பது வழக்கம்.

மூன்றாவது, சொந்தச் சொற்கள் வற்றும் நாளுக்கு மனப்பாடமான சொற்களைச் சேர்த்து வையுங்கள். உணர்ச்சி இல்லாமல் சொல்வது பொய்யாகாதா என்று கேட்பீர்கள். தாய் நோயுற்றிருக்கையில் பிள்ளை வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறான். ஒவ்வொரு வேளையும் அவன் நெஞ்சு அன்பால் உருகுவதில்லை. சில வேளை சலிப்பும் இருக்கும். ஆனால் வேளை தவறாமையே அவன் அன்பு.

நான்காவது, இரவில் ஐந்து நிமிடம் நாளைத் திரும்பிப் பாருங்கள். இஞ்ஞாசியார் தம் மக்களுக்கு விடாமல் கற்பித்த பயிற்சி இது. இன்று எதற்காக நன்றி சொல்லவேண்டும்? எங்கே தவறினேன்? நாளை யாரிடம் எதைச் சரிசெய்யவேண்டும்? இவ்வளவே. ஏரி தூர்ந்துபோகாமல் தூர் வாருவது இதுதான்.

ஐந்தாவது, வறட்சியில் தீர்மானத்தை மாற்றாதீர்கள். உள்ளம் இருண்டிருக்கும்போது முன்செய்த நல்ல முடிவுகளை மாற்றலாகாது என்பதும் இஞ்ஞாசியாரின் விதி. ஆர்வத்தில் அவசரப்பட்டு வாக்குக் கொடாதே. சோர்வில் அவசரப்பட்டு வாக்கைக் கைவிடாதே. இரண்டும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

ஆறாவது, தவறினால் திரும்புங்கள். இங்கே என் பழைய பாடப்புத்தகத்தோடு ஒரு கணக்கைத் தீர்க்கவேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்னும் ஆய்வாளரும் அவருடைய உடன்பணியாளர்களும் 96 பேரைக்கொண்டு பழக்கம் வேரூன்றும் விதத்தை ஆராய்ந்து, 2009-இல் வெளியிட்டார்கள். உணவோடு பழம் உண்பது, நாள்தோறும் ஓடுவது போன்ற எளிய செயல்களையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு செயல் தானாக நிகழும் நிலையை அடைய, நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. என் கண்ணைத் திறந்தது அதில் உள்ள வேறொரு முடிவு. இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவு கெடவில்லை. ஜேம்ஸ் பேரறிஞர், ஆயினும் நூற்கண்டு உவமையைவிட உபதேசியாரின் சாப்பாட்டு உவமையே உண்மைக்கு அருகில் இருந்தது. ஜெபம் பழக்கத்தினும் மேலானது என்பதை அறிவேன். ஆனால் அது பழக்கம் என்னும் மட்பாண்டத்தில்தான் நமக்குப் பரிமாறப்படுகிறது.

ஏழாவது, தனியாகச் செய்யாதீர்கள். ஏரியைத் தனி ஒருவர் காத்ததில்லை. கரை அடைக்கவும் கால்வாய் வாரவும் ஊர் கூடிச் செய்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். ஜெபத்திற்கும் குடிமராமத்து வேண்டும். தியானக் கூட்டத்திற்குச் சென்ற இருவர் மூவர் வாரம் ஒருமுறை கூடி, “இந்த வாரம் எப்படி?” என்று உண்மையாகக் கேட்டுக்கொண்டால் போதும். தவறியதைக் கூசாமல் சொல்லக்கூடிய ஒருவர் கிடைத்துவிட்டால் வெட்கம் நம்மைக் கொல்லாது. திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசன், ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் 1921-இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் இதற்கு எடுத்துக்காட்டு. ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஆட்சி செய்யும் இனத்தானும் ஆளப்படும் இனத்தானும் சமமாக அமர்வது அரிதாயிருந்த அந்நாளில், ஒரு கூரையின் கீழ் ஜெபித்து, ஒரே உணவை உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார்கள்.

இப்படிக் காக்கப்படும் நீர் பாயவேண்டிய இடமும் உண்டு. எங்கள் ஊருக்குச் சில மைல் தொலைவில், தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை உலக மிஷனெரி மாநாடு நடந்தது. 69 நாடுகளிலிருந்து 471 பேர் வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர், தென்னாப்பிரிக்காவின் குரூட்வில் என்னும் ஊரின் தலைவராயிருந்த ஆல்பர்ட் லுத்துலி. என்னைப்போல் ஆசிரியராயிருந்தவர். நாற்பது வயதை அடுத்திருந்த அவர் தாம்பரத்து மரநிழலில் அந்நாட்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பினார். அவரைக் காத்திருந்தது கரும்புத் தோட்டமும் ஊர் வழக்குகளும்தான். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல், நிறவெறி அரசு அவரை நோக்கி, விடுதலை இயக்கத்தை விடு, அல்லது தலைவர் பதவியை விடு என்றது. இயக்கத்தை விட அவர் மறுத்தார், பதவி பறிக்கப்பட்டது. விடுதலைக்குச் செல்லும் பாதை சிலுவை வழியாகவே செல்கிறது என்பதை அப்போது அவர் தம் அறிக்கையாக வெளியிட்டார். பின்னர் 1960-ஆம் ஆண்டிற்கான அமைதி நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. தாம்பரம் அவரை மாற்றியது என்று சொல்ல வரவில்லை. ஒரு மாநாட்டின் அல்லது ஒடுக்கத்தின் மதிப்பை அது முடிந்த நாளில் எடைபோட முடியாது என்பதையே சொல்கிறேன். பதினான்காம் ஆண்டில் அநீதி எதிரே வந்து நிற்கும்போது, உள்ளே நீர் இருக்கிறதா என்பது தெரியும்.

எனக்கும் ஒரு சிறு சோதனை வந்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி அடையாறு கரை புரண்டது. முடிச்சூர் முழுகியது. எங்கள் வீட்டிற்குள் இடுப்பளவு நீர். மூன்று குடும்பங்கள், பதினொரு பேர், அண்டை வீட்டின் மாடியில் அந்த இரவைக் கழித்தோம். இருட்டில் நீரின் ஓசை மட்டும் கேட்டது. ஒன்பது மணி என் ஜெப வேளை. பக்தியுணர்ச்சி சிறிதும் இல்லை, அச்சம்தான் இருந்தது. சொந்தமாக ஒரு சொல் வரவில்லை. ஆனால் வேளை வந்தது; வாய் தானாகப் பரமண்டல ஜெபத்தைச் சொல்லிற்று. சொல்லி முடித்தபோது என் கை நடுங்குவது நின்றிருந்தது. சற்றுத் தள்ளிப் பக்கத்து வீட்டு அம்மையார் கந்தர் சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரும் அதனை நாள்தோறும் சொல்லிப் பழகியவர். இரவெல்லாம் குழந்தைகளைத் தேற்றியவர் அவரே. மறுநாள் பிற்பகல் படகு வந்தது.

வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். நான் பேர் சொல்லி ஜெபித்துவந்த மாணவர்களின் பட்டியல், முப்பது ஆண்டாக எழுதிய குறிப்பேடு, சேற்றில் கூழாகியிருந்தது. அன்றிரவு ஒரு புதுத் தாளில் நினைவுக்கு வந்த பெயர்களை எழுதினேன். பதினான்குதான் வந்தன. பதினான்கிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். அதன்பின் மூன்று மாதங்கள் ஜெபம் உமியைப்போல் சுவையற்றிருந்தது. ஆயினும் உபதேசியார் கற்பித்த அந்த ஒரு நிமிடம் நின்றது. அதனைப் பற்றிக்கொண்டு மற்றவை மெல்ல வந்து சேர்ந்தன.

இவற்றை எல்லாம் கேட்ட அந்த மாணவர், கோயிலுக்குப் போவதில்லை என்ற முடிவை அன்றைக்குத் தள்ளி வைத்தார். நானும் வேறொன்றும் கேட்கவில்லை. “காலையில் ஒரு பரமண்டல ஜெபம், இரவில் அப்பாவிடம் ஒரு நல்ல சொல். இரண்டு மட்டும் செய், தம்பி” என்றேன்.

பொங்கல் விடுமுறையில் கரும்போடு வந்தார். “எப்படியப்பா போகிறது?” என்றேன். “மார்கழியில் நான்கு நாள் தவறிவிட்டது, ஐயா” என்றார். தலையை இம்முறை குனியவில்லை. “அப்பாவோடு?” என்றேன். “பேசுகிறோம், ஐயா. சண்டையும் வருகிறது. ஆனால் சண்டைக்கு மறுநாளும் பேசுகிறோம்” என்றார்.

அந்த மறுநாள்தான், மாணவச் செல்வங்களே, நான் இவ்வளவு நேரம் சொல்ல முயன்றது. நல்ல நாள் ஒன்று உங்களுக்கு வாய்த்திருந்தால் அதற்காக நன்றி சொல்லுங்கள். அதனைத் திரும்பவும் வரவழைக்க முயலாதீர்கள். இன்றைக்கு ஒரு கூடை மண்ணைக் கரையில் போடுங்கள். மழை தன் பருவத்தில் வரும்.